ஒரு சாண் குறைவு: சேலத்துத் தண்டவாளங்களும் ஒரு மாடியறையும்

நவராத்திரிக் கொலு வைக்கும் வீடுகளில் படிகளுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பூங்கா அமைப்பார்கள். படிகளில் இருக்கும் தெய்வங்கள் பெரியவர்களின் பொறுப்பு. பூங்கா முழுக்கப் பிள்ளைகளின் ராஜ்ஜியம். கேழ்வரகையும் கடுகையும் நனைத்துத் தூவினால் நான்கைந்து நாட்களில் வயல் எழும்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்தி ஓரங்களை மண்ணால் மூடினால் குளம். கரித்துண்டுகளை அடுக்கினால் மலை. இவற்றையெல்லாம் சுற்றிச் சாவி கொடுத்து ஓடவிடும் தகர ரயில் ஒன்று. அந்த ரயிலுக்கு ஊர் இல்லை, நிலையம் இல்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். குளத்து வாத்தைவிட ரயில் எஞ்சின் சிறியதாக இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

சிறுவடிவ ரயில்பாதை அமைப்பது மேலைநாட்டாரின் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு நிலக்காட்சியைச் சுருக்கித் தரையில் வைத்து, அதன் நடுவே ரயிலை ஓடவிடும் வழக்கம் தமிழ் வீடுகளில் பல தலைமுறையாக இருந்துவருகிறது. வேறுபாடு ஒன்றுதான். நாம் அளவெடுப்பதில்லை.

அளவெடுக்கிற ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் சந்தித்தேன். சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், ஏற்காட்டுக்குப் போகும் வழியை ஒட்டியிருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவர் வீடு. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் கேங்மேனாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வுபெற்றவர். மீட்டர் பாதைக் காலத்தில் சேர்ந்து அகலப்பாதைக் காலத்தில் வெளியே வந்தவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். மாடியறையில் ஒரு மேசை, அதன் மேல் இரண்டு தண்டவாளத் துண்டுகள், பக்கத்தில் ஒரு வெர்னியர் அளவி. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த சிறுவடிவத் தண்டவாளம் அது. அளவியை அதன் உட்பக்கத்தில் பொருத்திக் காட்டினார். பதினாறரை மில்லிமீட்டர்.

"நம்மூரு ரயிலை இதுமேல நிறுத்துனா ஒரு சாண் குறையுதுங்க தம்பி. முப்பது வருசம் கேஜ் பார்த்த கண்ணு. ஒத்துக்க மாட்டேங்குது" என்றார்.

அந்த ஒரு சாண் எங்கே போயிற்று என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

*

பொம்மை ரயில்களுக்கு முறையான அளவுகள் வந்தது 1891இல். ஜெர்மனியின் மெர்க்ளின் நிறுவனம் அந்த ஆண்டு லைப்சிக் சந்தையில் ஒரே ஒழுங்கில் இணையக்கூடிய தண்டவாளங்களைக் கொண்டுவந்தது. பாதைகளுக்கு 1, 2, 3 என்று எண்களும் இட்டது. வீடுகள் சிறியவை, பணமும் அளவானது என்பதால் பிறகு 1ஐவிடச் சிறிய ஒன்று தேவைப்பட்டது. அதற்கு 0 என்று பெயர். தண்டவாள இடைவெளி 32 மி.மீ. அதையும் பாதியாக்கும் முயற்சி முதல் உலகப்போருக்குப் பின் வந்தது. ஜெர்மனியின் பிங் நிறுவனம் 1922இல் இங்கிலாந்துச் சந்தைக்காக மேசைமேல் ஓடும் ரயிலை விற்றது. அதன் இடைவெளி பதினாறரை மி.மீ. 1935இல் மெர்க்ளினும் ட்ரிக்ஸும் அதே இடைவெளியில் மின்சார ரயில்களை வெளியிட்டன. சுழியத்தில் பாதி என்ற பொருளில் இந்த அளவுக்கு எச்.ஓ. என்ற பெயர் நிலைத்தது. இன்று உலகில் மிகப் பரவலாக விற்பது இதுதான்.

எச்.ஓ.வில் எல்லாமே உண்மையின் 87இல் ஒரு பங்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பான்மையான ரயில்கள் ஓடும் பாதையின் அகலம் 1435 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் கிடைப்பது பதினாறரை. வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க வண்டிகளின் அகலத்தை ஜார்ஜ் ஸ்டீபன்சன் தன் எஞ்சின்களுக்கு எடுத்துக்கொண்டார். அவருடைய எஞ்சின்கள் போன நாடுகளுக்கெல்லாம் அந்த அகலமும் போயிற்று. நூறாண்டு கழித்து அதுவே குழந்தைகளின் மேசைக்கும் வந்து சேர்ந்தது.

இதில் முதலில் இடறியவர்கள் ஆங்கிலேயர்களே. இங்கிலாந்தின் எஞ்சின்கள் உருவில் சிறியவை. 87இல் ஒரு பங்காக்கிய உடலுக்குள் அக்காலத்து மோட்டார் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் கொஞ்சம் பெருக்கி, 76இல் ஒரு பங்காக்கி, தண்டவாளத்தைப் பழைய பதினாறரையிலேயே விட்டுவிட்டார்கள். 1938இல் வந்த ஹார்ன்பி டப்லோ இந்த ஏற்பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. கணக்குப்படி அங்கே இருக்கவேண்டியது 18.83 மி.மீ. அந்த இரண்டு மில்லிமீட்டருக்காக 1960-களில் ஒரு சிறு கூட்டம் கிளர்ந்தெழுந்தது. தாங்களே சக்கரம் கடைந்து, தாங்களே தண்டவாளம் பதித்து, 18.83இல் ஓட்டிக்காட்டினார்கள். மற்றவர்கள் அவர்களைச் சற்றுப் பைத்தியக்காரர்களாகவே பார்த்தார்கள். ஆனால் ஆங்கிலேயர்களின் சிக்கல் அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது. நம்முடைய சிக்கல் அப்படியல்ல.

*

தமிழ்நாட்டின் ரயில் வரலாறே ஒரு மாதிரியில்தான் தொடங்குகிறது. 1830-களின் நடுவில் சென்னை சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தின் அருகே, இது சாத்தியம் என்று காட்டுவதற்காக ஒரு சிறு சோதனைப் பாதை போடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1837இல் செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றிவரும் பாதை அமைந்தது. பயணிகள் ரயில் வர மேலும் 19 ஆண்டுகள் ஆயின. 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மதராஸ் ரயில்வே முதல் வண்டியை விட்டது.

அதற்கு முன்பே அகலம் முடிவாகியிருந்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி இந்தியாவுக்கு வருமுன் இங்கிலாந்தில் வர்த்தக வாரியத்தில் ரயில்வே விவகாரங்களைக் கவனித்தவர். அங்கே வெவ்வேறு அகலப் பாதைகள் சந்தித்த இடங்களில் சரக்கை இறக்கி ஏற்றிய அவதியை நேரில் அறிந்தவர். இந்தியா முழுவதும் ஒரே அகலம், அதுவும் ஸ்டீபன்சனுடையதைவிட அகன்றது என்பது அவர் கருத்து. ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மி.மீ. என்று முடிவாயிற்று. அந்த அகலப்பாதை 1861இல் சேலத்துக்கு வந்தது. ஊருக்குள் வராமல் மேற்கே சூரமங்கலத்தில் நின்றது. அடுத்த ஆண்டே கோயமுத்தூர்ப் பக்கம் போத்தனூரைத் தொட்டது.

ஒரே அகலம் என்ற உறுதி இருபதாண்டுகூட நிற்கவில்லை. அகலப்பாதை செலவு மிக்கது என்று 1870இல் மேயோ பிரபுவின் காலத்தில் சிறிய பாதைக்கு அனுமதி கிடைத்தது. இந்தியா விரைவில் மெட்ரிக் அளவுக்கு மாறிவிடும் என்று அப்போது எண்ணியதால் சரியாக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். அளவுமுறை மாறியது 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. பாதையின் பெயரோ அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் முன்பே மீட்டராகிவிட்டது. சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக விருத்தாசலம் போன பாதை இந்த வகை. அண்ணன் வேலைக்குச் சேர்ந்தது அதில்தான்.

மூன்றாவது வகையைச் சேலத்துக்காரர்களிலேயே பலர் அறியமாட்டார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. தானியம் ஓரிடத்தில் இருந்தும் இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்க வழியில்லை என்பது அதன் பாடங்களில் ஒன்று. வறண்ட பகுதிகளுக்குப் பஞ்சத் தடுப்பு ரயில்பாதைகள் போடவேண்டும் என்ற கொள்கை அதற்குப் பின்பே உருவாயிற்று. அன்றைய சேலம் மாவட்டத்தின் வடபகுதிக்கு அந்தக் கொள்கை வந்துசேர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பாதை. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒன்று. பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது. அகலம் இரண்டரை அடி, 762 மி.மீ. அகலப்பாதையில் பாதிகூட இல்லை. மொரப்பூரில் பெரிய வண்டியிலிருந்து இறங்கி இந்தச் சின்ன வண்டியில் ஏறவேண்டும்.

இந்தக் குறுகிய பாதைகள் 1941இல் மூடப்பட்டன. பேருந்துகள் வந்துவிட்டன, வருவாய் இல்லை. போர்க்காலத்தில் இரும்புக்கு வேறு தேவை இருந்தது. இந்தியாவெங்கும் கிளைப் பாதைகள் பெயர்க்கப்பட்ட காலம் அது. பின்னர் 1960-களில் தருமபுரி வழியாகச் சேலம்–பெங்களூர் மீட்டர் பாதை வந்தது. 1990-களில் அது அகலப்பாதையாயிற்று. ஒரே ஊர் ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று அகலங்களைப் பார்த்துவிட்டது. 1992இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தின் தொடர்ச்சியாக விருத்தாசலம் பாதையும் 2000-களில் மாறியது. சேலம்–நாமக்கல்–கரூர் பாதை 2013இல் திறந்தபோது அது பிறவியிலேயே அகலப்பாதை. டல்ஹௌசியின் விருப்பம் ஒன்றரை நூற்றாண்டு தாமதமாக நிறைவேறியது எனலாம்.

*

இப்போது அண்ணனின் கணக்குக்கு வரலாம். மூன்று அகலங்களையும் 87ஆல் வகுத்து ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

1676ஐ வகுத்தால் 19.26. கடையில் கிடைப்பது 16.5. குறைவு 2.76 மி.மீ. அதைத் திரும்ப 87ஆல் பெருக்கினால் 240 மி.மீ. அவர் சொன்ன ஒரு சாண் இதுதான். 1000ஐ வகுத்தால் 11.49. கடையில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண் பொறுத்துக்கொள்ளும். 762ஐ வகுத்தால் 8.76. கடையில் 9 மி.மீ. கிடைக்கிறது. கால் மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடு. கிட்டத்தட்டச் சரி.

கணக்கைப் பார்த்த பிறகு சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. செத்துப்போன இரண்டு பாதைகளுக்கும் உலகச் சந்தையில் தண்டவாளம் இருக்கிறது. இன்றும் சூரமங்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாதைக்கு இல்லை.

காரணம் நம்மூரில் இல்லை, ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் மலைப்பாதைகளில் பல மீட்டர் அகலம் கொண்டவை. அவற்றை நேசிக்கும் கூட்டம் பெரியது. அவர்களுக்காக 12 மி.மீ. தண்டவாளமும் வண்டிகளும் செய்கிறார்கள். ஆஸ்திரியாவில் 760 மி.மீ. பாதைகள் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் எச்.ஓ.வைவிடச் சிறிய, 9 மி.மீ. பாதையில் ஓடும் பொம்மை ரயில்கள் விற்பனைக்கு வந்ததும், அந்தச் சிறிய சக்கரங்களின் மேல் எச்.ஓ. அளவு உடலைப் பொருத்தி ஆஸ்திரியக் குறுகிய பாதையைக் காட்டலாம் என்று கண்டுகொண்டார்கள். ஜெர்மனியின் எக்கர் நிறுவனம் 1963இல் அப்படித்தான் தொடங்கியது. மொரப்பூர்–தருமபுரிப் பாதைக்கும் ஆஸ்திரிய மலைக்கிராமப் பாதைக்கும் இரண்டே மில்லிமீட்டர் வேறுபாடு. எவருடைய நினைவையோ காப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் நம் நினைவுக்கும் பொருந்திவிடுகிறது. ஸ்பெயினின் அகலப்பாதை 1668 மி.மீ. அங்கும் நம் கதைதான். தங்கள் நாட்டு ரயில்களைப் பதினாறரை மில்லிமீட்டரிலேயே ஓட்டிக்கொள்கிறார்கள்.

அளவு ஒரு பக்கம், வளைவு இன்னொரு பக்கம். கடையில் விற்கும் வட்டத் தண்டவாளங்களில் பரவலான ஒன்றின் ஆரம் 18 அங்குலம், 457 மி.மீ. உண்மைக்குப் பெருக்கினால் 40 மீட்டர். இந்திய ரயில்வேயின் விதிப்படி அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதை உள்ளபடி சுருக்கினால் 2 மீட்டர். முழு வட்டத்துக்கு நான்கு மீட்டருக்குமேல் அகலமான அறை வேண்டும். மீட்டர் பாதைக்கு 109 மீட்டர். சுருக்கினால் ஒன்றேகால் மீட்டர். குறுகிய பாதைக்கு 44 மீட்டர். சுருக்கினால் அரை மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி மாடியறையில் பொய் சொல்லாமல் போடக்கூடிய பாதை ஒன்றே ஒன்றுதான் என்பது அத்துடன் முடிவாகிவிட்டது.

*

அவர் அதைப் போட்டார். நான் அவ்வப்போது போய்ப் பார்த்தேன். தண்டவாளம் பதிப்பவர் செய்வதற்கும் பொம்மை ரயில் விரும்புபவர் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே தெரிந்துகொண்டேன். பொம்மை ரயில் விரும்புபவர் முதலில் எஞ்சினை வாங்குகிறார். இவர் ஓராண்டுக்கு எஞ்சினே வாங்கவில்லை.

முதலில் மேசை. 12 மி.மீ. ஒட்டுப்பலகை, அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம். பலகையின் ஓரங்களிலும் அடிப்பக்கத்திலும் வார்னிஷ். உலோகம் சூட்டில் நீளும், பலகை ஈரத்தில் ஊதும். இரண்டில் பலகையே அதிகத் தொல்லை தரும் என்பது அவர் அனுபவம். பங்குனி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே பலகை அசைந்தால் மேலே இருக்கும் தண்டவாளம் பாம்பாகிவிடும். உலோகமும் சும்மா இருப்பதில்லை. இந்தச் சிறு தண்டவாளங்கள் நிக்கல் வெள்ளி என்று சொல்லப்படும் கலவையால் ஆனவை. பெயரில்தான் வெள்ளி. உள்ளே செம்பும் துத்தநாகமும் நிக்கலும் மட்டுமே. பத்து மீட்டர் நீளத்துக்கு 20 பாகை சூடு ஏறினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆகவே இணைப்புகளில் ஒரு தாள் தடிமன் இடைவெளி விட்டார். உச்சி வெயிலில் பதித்தால் குறைவாக, காலையில் பதித்தால் கூடுதலாக. "பெரிய லைன்லயும் இதே கணக்குதான்" என்றார்.

இணைப்புத் தகடுகள் மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பக்கூடாது. நாளாவட்டத்தில் அவற்றில் களிம்பு ஏறும். மீட்டருக்கு ஒரு இடத்தில் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் தனிக் கம்பி பற்றவைத்துப் பலகைக்கு அடியில் இறக்கினார். பற்றாசு வைக்கும் கை அவருக்கு முதலில் கூடிவரவில்லை. பிளாஸ்டிக் கட்டைகள் உருகின. சேலத்தில் கொலுசுப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கே வேலை செய்யும் ஒருவர் வந்து, இடத்தைத் துப்புரவாகச் சுரண்டு, சூட்டை அதிகமாக்கு, நேரத்தைக் குறை என்று மூன்று வாக்கியங்களில் பாடம் நடத்திவிட்டுப் போனார். அதன்பிறகு ஒரு கட்டையும் உருகவில்லை.

தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிட்டு விற்கிறார்கள். 100 என்பது பழைய வகை, இரண்டரை மி.மீ. உயரம். பொம்மைச் சக்கரங்களின் ஆழமான விளிம்புக்காக வந்தது. உண்மையான எந்தத் தண்டவாளத்துக்கும் அந்த உயரம் இல்லை. இன்றைய நம் அகலப்பாதையின் 60 கிலோ தண்டவாளம் 172 மி.மீ. உயரம். சுருக்கினால் 78 வரும். பழைய 60 பவுண்டுத் தண்டவாளம் நாலரை அங்குலம். சுருக்கினால் 52. இவர் 55 வாங்கினார். அந்த மெல்லிய கோட்டைப் பார்த்ததும் கண் தானாகவே அதை ஒரு சின்ன ஊர்ப் பாதை என்று நம்பிவிடுகிறது. பாதையின் தரம் என்று நாம் சொல்வதில் பாதி அது.

மறுபாதி வளைவில் இருக்கிறது. பராமரிப்பு ஊழியர்கள் வளைவைச் சோதிக்கும் முறை பழையது, எளியது. 20 மீட்டர் நூலைத் தண்டவாளத்தின் இரு புள்ளிகளுக்கு இடையே இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். வளைவு முழுக்க அந்தத் தூரம் ஒரே சீராக இருந்தால் வளைவு நன்று. அண்ணன் 20 மீட்டரை 87ஆல் வகுத்து 230 மி.மீ. தையல் நூல் எடுத்துக்கொண்டார். அரை மீட்டர் ஆரத்துக்கு நடுவில் 13 மி.மீ. இருக்கவேண்டும். வளைவு தொடங்கும் இடத்தில் மட்டும் சுழியத்திலிருந்து படிப்படியாக 13க்கு ஏறவேண்டும். நேர்கோட்டிலிருந்து திடீரென்று வட்டத்துக்குள் நுழையும் கடைத் தண்டவாளத்தில் அந்தப் படி இல்லை. அதனால்தான் பொம்மை ரயில் வளைவில் வெட்டி இழுக்கிறது. இவர் வளையக்கூடிய நீளத் தண்டவாளம் வாங்கி, நூலை வைத்து வைத்து, ஒரு வளைவுக்கு மூன்று மாலைகள் எடுத்துக்கொண்டார்.

ஜல்லியும் கணக்குதான். அகலப்பாதையின் ஜல்லி 65 மி.மீ. வரை இருக்கும். சுருக்கினால் முக்கால் மில்லிமீட்டர், ஏறக்குறைய ரவை. ரவையையே போடலாமே என்று கேட்டேன். "எறும்பு விடுமா?" என்றார். ஆற்று மணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்துத் தூவி, நீர்த்த பசையில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து ஊசிக்குழாயால் விட்டார். சோப்பு இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும்.

*

பாதை முடிந்ததும் உண்மையான சிக்கல் தொடங்கியது. பாதையைச் சுற்றி ஊர் வேண்டும்.

இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. ராய் இங்கிலாந்து என்பவர் 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அப்பகுதிக்கு வந்தார். கண்ணெதிரே கூரைவீடுகள் இடிக்கப்படுவதைக் கண்டு, அவற்றை ஒவ்வொன்றாக அளந்து, சிறுவடிவில் செய்யத் தொடங்கினார். 1954இல் அது அருங்காட்சியகமாயிற்று. அங்கே ரயில் ஓடுகிறது, ஆனால் மையம் அந்தக் கிராமம்தான். இந்தியாவில் புணேயில் பாவ்சாகேப் ஜோஷியின் முயற்சியால் 1998 ஏப்ரல் 1இல் சிறுவடிவ ரயில் அருங்காட்சியகம் திறந்தது. குழந்தைகளோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் அது எந்த ஒரு ஊரின் நகலுமல்ல, ரயில் நகரம் ஒன்றைப் பற்றிய கனவு.

அண்ணனுக்கு வேண்டியது பெண்டன் வகை. ராய் இங்கிலாந்துக்கு அளப்பதற்கு வீடுகள் நின்றுகொண்டிருந்தன. இவருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அவருடைய அம்மா தருமபுரிப் பக்கத்தவர். பாதை மூடப்பட்டபோது பத்துப் பதினொரு வயது. மொரப்பூருக்குச் சின்ன ரயிலில் போனதை மகனிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வண்டி மெதுவாகப் போகும், இறங்கிப் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டு மறுபடி ஏறலாம் என்பது அவர் நினைவு. மெதுவாகப் போகும் எல்லா ரயிலைப் பற்றியும் எல்லா ஊரிலும் சொல்லப்படும் கதை அது. அதை வைத்து நிலையத்துக்குச் சுவர் எழுப்ப முடியாது. அம்மாவும் இப்போது இல்லை.

நான் சொன்னேன், அக்காலத்துச் சின்ன நிலையங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கும், அப்படி ஒன்றைச் செய்து வைத்துவிடலாம், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று. எழுதுகிறவனின் யோசனை. நாங்கள் இதைத்தான் நாளெல்லாம் செய்கிறோம். தெரியாத இடத்தைச் சாயலால் நிரப்பிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம்.

அவர் ஒப்பவில்லை. "ஒரு சாண் குறைஞ்சதுக்கே தூக்கம் வரலைன்னு இவ்வளவு செஞ்சுருக்கோம். இல்லாத கட்டடத்தைக் கட்டிட்டா அப்புறம் அந்தச் சாண் என்னாத்துக்குங்க தம்பி?"

இன்று அந்த மாடியறைக்குப் போகிறவர்கள் காண்பது இதைத்தான். 9 மி.மீ. பாதை அறையைச் சுற்றி வருகிறது. உறுதியாகத் தெரிந்த இடங்களில் மண் இருக்கிறது, பனை இருக்கிறது, புளியமரம் இருக்கிறது. மலையின் கோடு தெரியும், அது மாறவில்லை. நிலையங்கள் இருந்திருக்க வேண்டிய இடங்களில் வெறும் பலகை. வர்ணம்கூடப் பூசவில்லை. பென்சிலால் ஒரு நீள்சதுரம் போட்டு ஊர்ப்பெயரை எழுதியிருக்கிறார். வண்டி அங்கெல்லாம் நின்று புறப்படுகிறது. எஞ்சின் ஆஸ்திரிய வகை. கறுப்பு வர்ணம் அடித்திருக்கிறார், ஆனால் அதற்குத் தென்னிந்திய ரயில்வே என்று எழுத்துப் போடவில்லை. வருகிறவர்கள் வேலை இன்னும் முடியவில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். முதல் சில நிமிடங்களுக்கு நானும் அப்படித்தான் எண்ணினேன். பிறகு, ஓவியமாக வரைந்த நிலையங்களைவிட அந்தப் பென்சில் சதுரங்களின் முன் அதிக நேரம் நிற்கிறேன் என்பதைக் கவனித்தேன்.

மொரப்பூரில் மட்டும் பக்கத்தில் இன்னொரு பாதை உண்டு. கடையில் கிடைக்காததால் செம்பு பூசிய பலகையைக் கட்டைகளாக நறுக்கி, அவற்றின் மேல் தண்டவாளத்தை ஒவ்வொன்றாகப் பற்றாசு வைத்து, அவரே பதித்தது. ஒரு மீட்டர் நீளம். அளவியை வைத்தால் எங்கும் 19.26க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதில் ஓட எந்தக் கடையிலும் சக்கரம் கிடையாது. நீளமான அச்சு கடைந்து தரச் சொல்லி ஒரு கடைசல் பட்டறையில் கேட்டிருக்கிறார்.

1941இல் நின்றுபோன வண்டி அந்த அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1861 முதல் நிற்காத பாதை அதன் அருகில் வண்டிக்காகக் காத்திருக்கிறது.